நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், ஐந்து பேர் பணம் கட்டுகிறார்கள்

கேள்வி:

ஐயா, வணக்கம். நான் டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் வசிக்கிறேன். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் லாரி உரிமையாளர்களுக்கான மென்பொருள் ஒன்றை உருவாக்கி, தோழி ஒருவருடன் சேர்ந்து பதினான்கு மாதங்களாக நிறுவனம் நடத்தி வருகிறேன். நாள்தோறும் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தை லிங்க்ட்இன்னிலும் நிறுவனர்களுக்கான வாட்ஸ்அப் குழுக்களிலும் செலவிடுகிறேன். நாலாயிரம் பேர் என்னைப் பின்தொடர்கிறார்கள். ஆனால் பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் ஐந்து பேர்தாம். ஐவரும் என் சித்தப்பா வழியாக வந்தவர்கள். இணையத்தை ஒதுக்கிவிட்டு, கேப்டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் நடக்கும் கூட்டங்களுக்கெல்லாம் போக வேண்டும் என்று தோழி சொல்கிறார். இருமுறை கேப்டவுன் சென்றேன். எல்லோரும் முன்பே ஒருவரையொருவர் அறிந்திருந்த அறையில் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினேன். வீட்டில் நோயுற்றிருக்கும் அம்மாவைக் கவனிக்க வேண்டியிருப்பதால் மாலைக் கூட்டங்களுக்குச் செல்வதும் கடினம். இணையத்துக்கு எவ்வளவு, நேர்ச் சந்திப்புக்கு எவ்வளவு என்று நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நேரத்தைப் பங்கிடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய வேறொரு சிக்கல் கடிதத்துக்குள் இருக்கிறது. உங்களைப் பின்தொடரும் அந்த நாலாயிரம் பேர் யார்? பெரும்பாலும் உங்களைப் போலவே நிறுவனம் தொடங்கியவர்கள், நிரல் எழுதுபவர்கள், ஆலோசகர்கள், வேலை தேடும் மாணவர்கள் என்றே கருதுகிறேன். அவர்களில் லாரி வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். உங்கள் தோழி போகச் சொல்லும் கேப்டவுன் அறைகளில் நிறைந்திருப்பவர்களும் இதே வகையினர்தாம். நீங்கள் இருவரும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதாகத் தோன்றினாலும், ஒருவர் திரை வழியாகவும் மற்றவர் விமானம் வழியாகவும் ஒரே கூட்டத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பணம் கட்டக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில் மிகக் குறைவு.

எனவே நேரத்தைப் பிரிப்பதற்கு முன்னால் மனிதர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர், முதலீட்டாளர், உங்களிடம் வேலைக்கு வரக்கூடியவர், இதே பாதையில் நடக்கும் சக நிறுவனர் என நான்கு வகையினர் உங்களுக்குத் தேவைப்படுகிறார்கள். ஒவ்வொருவரும் உங்களை நம்பி எதை ஒப்படைக்கப் போகிறார் என்பதைப் பார்த்தால், அவரை எங்கே சந்திக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

வாடிக்கையாளரைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனெனில் உங்கள் நிறுவனம் இப்போது நிற்பதும் விழுவதும் அவர்களைப் பொறுத்தே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கன்டெய்னர் போக்குவரத்தில் பாதிக்கு மேல் டர்பன் துறைமுகம் வழியாக நடக்கிறது. முனையத்தை நோக்கிச் செல்லும் லாரிகள் பேஹெட் சாலையில் நெருக்கியடித்துக் காத்து நிற்பதை நம் ஊரில் அறியாதவர் இல்லை. முனையத்துக்குள் நுழைய முன்பதிவு செய்த நேரம் தவறிவிட்டால் அந்த லாரியின் அன்றைய வேலையே குலைந்து போகிறது என்பதும், அந்த இழப்பை யார் ஏற்பது என்ற சண்டை மாலை வரை தொடர்கிறது என்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சண்டையை நாள்தோறும் சமாளிப்பவர், இரண்டு மூன்று கைபேசிகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு லாரிகளை அனுப்பும் கன்ட்ரோலர்தான். அவர் லிங்க்ட்இன்னில் எழுதுவதில்லை. கேப்டவுன் கூட்டத்துக்கும் வருவதில்லை. உங்கள் மென்பொருளைத் திறப்பதா, மூடி வைத்துவிட்டுப் பழையபடி நோட்டுப் புத்தகத்திலேயே எழுதுவதா என்று ஒவ்வொரு காலையும் தீர்மானிக்கிறவர் அவர். உங்கள் வீட்டிலிருந்து நெரிசல் இல்லாத வேளையில் அரை மணி நேர ஓட்டத்தில் அவருடைய மேசை இருக்கிறது.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன் என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மொத்த வியாபாரக் கடைகளுக்கான இருப்புக் கணக்கு மென்பொருள் ஒன்றை உருவாக்கி, அதைப் பற்றி எட்டு மாதங்கள் இணையத்தில் எழுதினேன். கேள்விப் படிவங்கள் அனுப்பினேன். பதில்களும் நல்லவிதமாகவே வந்தன. ஆனால் வாங்கியவர்கள் இரண்டாவது மாதத்திலேயே பயன்படுத்துவதை நிறுத்தினார்கள். ஒரு சனிக்கிழமை முழுவதும் ஒரு கடையின் பில் போடும் மேசை அருகே உட்கார்ந்திருந்தபோதுதான் காரணம் தெரிந்தது. கடைக்காரர் தம் பழைய வாடிக்கையாளர்களுக்குக் கடனில் சரக்கு கொடுத்து, அந்தக் கணக்கை மேசை இழுப்பறையில் தனி நோட்டில் எழுதி வைத்திருந்தார். என் மென்பொருளில் கடனுக்கு இடமே இல்லை. எவ்வளவு கடன் நிலுவையில் நிற்கிறது என்பதை முகமறியாத ஒருவருக்கு எழுத்தில் சொல்ல எந்த வியாபாரியும் விரும்பமாட்டார். ஆகவே என் படிவங்கள் எதிலும் அது வரவில்லை. வெட்கத்துக்குரியதும் வியாபார ரகசியமும் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவரிடம் மட்டுமே வெளிவருகின்றன. வாடிக்கையாளரை நேரில் சந்திக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு விற்பனையைவிட இதுவே பெரிய காரணம்.

விற்பனைக்கும் நேர்ச் சந்திப்பு உதவுகிறது என்பதற்கு ஓரளவு ஆய்வுச் சான்றும் உண்டு. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 45 பேர் தலைக்குப் பத்து அந்நியர்களிடம் ஒரு சிறு கேள்வித்தாளை நிரப்பித் தருமாறு கேட்டார்கள். சிலர் நேரில் கேட்டார்கள், சிலர் அதே வேண்டுகோளை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். நேரில் கேட்பது 34 மடங்கு பயன் தந்தது. கேள்வித்தாள் நிரப்புவதும் மாதாமாதம் பணம் கட்டுவதும் ஒன்றாகா என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆய்வின் இன்னொரு முடிவுதான் உங்களுக்கு முக்கியம்: இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவு வெற்றி கிடைக்கும் என்றே முன்கூட்டி மதிப்பிட்டிருந்தார்கள். எழுதி அனுப்பும்போது நாம் நன்றாக உழைத்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. பெறுகிறவருக்கு அந்த உழைப்பு தெரிவதில்லை. நீங்கள் நாள்தோறும் செலவிடும் மூன்று மணி நேரத்தில் இந்த மயக்கம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று அஞ்சுகிறேன்.

அடுத்து, சித்தப்பா வழியாக வந்த ஐந்து வாடிக்கையாளர்கள். இதைச் சொல்லும்போது உங்கள் எழுத்தில் சிறிய கூச்சம் தெரிகிறது. அதற்குத் தேவையே இல்லை. நம் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் நம்மவர்களின் சிறு தொழில்கள் எத்தனையோ உறவினர் கொடுத்த முதல் வேலையில்தான் கால் ஊன்றின. ஆயினும் அந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு: சித்தப்பாவுக்குத் தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவரும் தெரிந்தவர்கள். ஐவரும் ஒரே வட்டத்துக்குள் இருப்பதால், ஆறாவது பெயரைக் கேட்டால் முதல் ஐந்து பெயர்களே திரும்ப வருகின்றன. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் விளக்கியது. பாஸ்டனுக்கு அருகே நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 17 விழுக்காட்டினரே; எப்போதாவது சந்திப்பதாகச் சொன்னவர்கள் 56 விழுக்காடு, மிக அரிதாகச் சந்திப்பதாகச் சொன்னவர்கள் 28 விழுக்காடு. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கிறது. நாம் அறியாத செய்தியைச் சற்றுத் தள்ளி இருப்பவர்தான் கொண்டுவருகிறார்.

அப்படியானால் நாலாயிரம் பேரும் அந்தத் தள்ளி இருப்பவர்கள்தாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் அதிகமானோரிடம் ஐந்தாண்டுகளில் நடத்திய சோதனைகளின் முடிவு 2022இல் வெளியானது. வேலை மாறுவதற்கு மிக உதவியவர்கள் நெருங்கிய நண்பர்களும் அல்லர், பெயர் மட்டுமே தெரிந்தவர்களும் அல்லர். இரண்டுக்கும் நடுவே, ஓரளவு பொதுப் பழக்கம் உள்ளவர்கள். கணினி சார்ந்த துறைகளில் தளர்ந்த தொடர்புகளும், கணினி அதிகம் நுழையாத துறைகளில் நெருங்கிய தொடர்புகளும் கூடுதலாக உதவின என்றும் அதில் கண்டார்கள். இது வேலை தேடுவது பற்றிய ஆய்வு. வியாபாரத்துக்கு ஒரு திசைகாட்டியாக மட்டுமே கொள்ளலாம். ஆனால் திசை உங்களுக்குப் பொருந்துகிறது. நீங்கள் இரண்டு உலகங்களில் கால் வைத்திருக்கிறீர்கள்: நிரலாளரும் முதலீட்டாளரும் இணையத்தில் வாழ்கிறார்கள், லாரி உரிமையாளர் பழகிய முகத்தை நம்பி வாழ்கிறார். நீங்கள் முதல் உலகத்தின் பழக்கத்தைக் கொண்டு இரண்டாம் உலகத்தில் வாடிக்கையாளர் தேடி வந்திருக்கிறீர்கள்.

ஆகவே வாடிக்கையாளர் ஐவரிடமும் தனித்தனியே நேரில் போய், அவர்களுடைய உறவுக்கும் ஊருக்கும் வெளியே இருக்கும் ஒரே ஒருவரிடம் உங்களை அழைத்துச் செல்லுமாறு கேளுங்கள். இன்னொரு லாரி உரிமையாளராக அவர் இருக்க வேண்டியதில்லை. டயர் விற்பவர், லாரி பழுது பார்க்கும் மெக்கானிக், இவர்களைவிட மேலாக, சுங்கச் சான்றுகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட். எந்த நிறுவனம் நேரத்துக்கு வண்டி அனுப்புகிறது, எது அனுப்புவதில்லை என்பது அந்த ஏஜென்டுக்கு அத்துப்படி. அவருடைய பழக்கம் இந்தியர், ஜூலு, ஆஃப்ரிக்கானர் என்று எல்லா வட்டங்களையும் தொட்டுச் செல்கிறது. ஓட்டுநர்களில் ஜூலு பேசுபவர்கள் நிறையப் பேர் இருப்பதால், அந்த மொழியில் பத்து வாக்கியங்களையாவது தடுமாறாமல் பேசப் பழகிக்கொள்ளுங்கள். கோயில் பற்றியும் ஒரு சொல்: காவடி நாளில் அன்னதானத்தில் நின்று பரிமாறுங்கள், ஆனால் அங்கே மென்பொருள் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். கேட்பவர்கள் பிறகு தாமாகவே கேட்பார்கள்.

இணையத்தை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சந்திப்புக்கு முன்னாலும் பின்னாலும் இணையத்துக்கு ஈடு எதுவும் இல்லை. 2020 மார்ச் இறுதியில் கொரோனாவால் நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது, முன்பே பழகியிருந்தவர்களுடனான என் உறவுகள் திரை வழியாகவே குறைவின்றித் தொடர்ந்தன. புதிதாக அமைந்த உறவுகள் மிகச் சில. அதே காலத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர்கள் ஏறக்குறைய 61,000 பேரின் தகவல் தொடர்புகளை ஆராய்ந்தவர்களும், வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய பின் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் பாலமாக இருந்த தொடர்புகள் குறைந்தன என்று கண்டார்கள். இருக்கும் உறவைக் காக்க இணையம் வலுவானது. வட்டம் தாண்டிப் புது உறவை ஏற்படுத்துவதில் அது அவ்வளவு வலுவானதன்று. ஆகவே மூன்று மணி நேரத்தை நாற்பது நிமிடமாகக் குறையுங்கள். அதில் பாதியை, அந்த வாரம் நேரில் சந்தித்தவர்களுக்கு எழுதுவதற்கு வையுங்கள். சந்தித்த இரண்டு நாட்களுக்குள், அவர் சொன்ன ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு நான்கு வரி எழுதினால் போதும்; விலைப்பட்டியலை அதனுடன் இணைக்க வேண்டாம். மீதிப் பாதியில், நிறுவனர் வாழ்க்கையைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டு, முன்பதிவு நேரம் ஏன் தவறுகிறது, தவறினால் அன்றே என்ன செய்யலாம் என்பது போன்றவற்றை எழுதுங்கள். பின்தொடர்பவர் எண்ணிக்கை குறையக்கூடும். கிளியரிங் ஏஜென்ட் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கும் நாளில் அவர் கண்ணில் படுவது இவைதாம்.

சட்டம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் இளம் நிறுவனர்கள் பலர் இதில் கவனக்குறைவாக இருக்கிறார்கள். நாம் போப்பியா என்று அழைக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை 2021 ஜூலை 1 முதல் எல்லோரும் முழுமையாகப் பின்பற்றியாக வேண்டும். அதன் 69ஆம் பிரிவின்படி, உங்கள் வாடிக்கையாளர் அல்லாத ஒருவருக்கு அவருடைய இசைவு இல்லாமல் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ விளம்பரம் அனுப்பக் கூடாது; இசைவு கேட்பதற்காக ஒரே ஒரு முறை மட்டும் அணுகலாம். தனிமனிதர்களுக்கு மட்டுமன்றி நிறுவனங்களுக்கும் இந்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து எண்களைத் திரட்டி எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பும் வழக்கம் இதனால்தான் ஆபத்தானது. நேரில் சந்தித்தவரிடம் விடைபெறும்போது, விவரங்களை அனுப்பலாமா என்று கேட்டு, அவர் சரி என்றதைத் தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் வகுத்திருக்கும் இசைவுப் படிவத்தையும் அப்போதே நிரப்பி வாங்கிக்கொள்வது நல்லது. நேர்ச் சந்திப்பு இவ்வாறு இணையத் தொடர்புக்கு முறையான வாசலையும் திறந்துவிடுகிறது.

கேப்டவுன் அறையில் ஓரமாக நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் குறையன்று என்று உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன். அங்கே பேண்ட்வித் பார்ன் என்ற வளர்ப்பகம், அதாவது புதிய நிறுவனங்களுக்கு இடமும் ஆலோசனையும் தந்து வளர்த்தெடுக்கும் அமைப்பு, 2000ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. தொழில்நுட்ப நிறுவனர்களை ஒன்றிணைக்கும் சிலிக்கான் கேப் என்ற முயற்சி 2009இல் தொடங்கியது. அருகிலுள்ள ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்துக்கென்றே லாஞ்ச்லேப் என்ற வளர்ப்பகம் இருக்கிறது. ஒரே வகுப்பில் படித்து, ஒரே கூரையின் கீழ் மேசை வாடகைக்கு எடுத்து, ஒருவர் நிறுவனத்திலிருந்து இன்னொருவர் நிறுவனத்துக்கு மாறியவர்கள் அந்த அறையில் நின்றார்கள். நீங்கள் ஒரு மாலையில் பார்த்த நெருக்கம் பல ஆண்டுகளில் உருவானது. அங்கே முன்பின் தெரியாமல் நுழைவது யாருக்கும் கடினம்.

அதனால் கேப்டவுனுக்குப் போகவே வேண்டாம் என்பதன்று. நான்கு சந்திப்புகளாவது முன்கூட்டியே உறுதியாகும் வரை விமானச் சீட்டு வாங்காதீர்கள். கூட்டத்தில் பேசப் போகிறவர், வரப் போகிறவர் யார் என்று இணையத்தில் பார்த்து, மூன்று வாரங்களுக்கு முன்பே எழுதி, கூட்டத்துக்கு முந்தைய நாளோ மறுநாள் காலையோ அரை மணி நேரம் கேளுங்கள். அப்படி வாங்கிய நான்கு அரை மணி நேரங்கள் கூடத்தில் கழிக்கும் இரண்டு நாட்களைவிட மேலானவை. முதலீட்டாளரைப் பொறுத்தவரை முதல் உரையாடல் காணொளியில் நடப்பது இப்போது இயல்பாகிவிட்டது. இரண்டாவது உரையாடலுக்கு அவர் அழைத்தால் போங்கள். உங்களிடம் இப்போது ஐந்து வாடிக்கையாளர்களே இருப்பதால், பன்னிரண்டு அல்லது பதினைந்து ஆகும் வரை முதலீட்டாளர் பின்னால் அலைவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஜோகன்னஸ்பர்க் பயணம் வேறு வகை. அதை நான் ஆதரிக்கிறேன். டர்பனில் இறங்கும் சரக்கில் பெரும் பங்கு ஜோகன்னஸ்பர்க்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் நோக்கித்தான் போகிறது. அங்கே சிட்டி டீப்பில் உள்நாட்டுச் சரக்கு முனையம் இருக்கிறது. காலையில் சிட்டி டீப்பில் இரண்டு லாரி நிறுவனங்களையும், பிற்பகல் அந்நகரின் வணிகப் பகுதியான சாண்டனில் ஒரு முதலீட்டாளரையும் பார்க்கும்படி ஒரே நாளை அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறையாவது விமானத்தை விட்டுவிட்டு, உங்கள் வாடிக்கையாளர்களின் லாரிகள் போகும் என்3 நெடுஞ்சாலையிலேயே, பகல் நேரத்தில், சித்தப்பாவையோ தோழியையோ உடன் அழைத்துக்கொண்டு காரில் செல்லுங்கள். வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித்தில் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு மணி நேரம் இறங்கி ஓட்டுநர்களிடம் பேசுங்கள். அவர்கள் கைபேசியில் உங்கள் மென்பொருள் எப்படித் திறக்கிறது, எந்த இடத்தில் சிக்னல் அறுந்து அது உறைந்து நிற்கிறது என்பதை அவர்களே காட்டுவார்கள்.

சக நிறுவனர்களுக்கு மட்டும் நான் இணையத்தையே முதலில் பரிந்துரைப்பேன். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலேயே உயிர் நண்பர்களாக இருந்த கதையை அறிந்தவர்கள் நாம். ஒத்த மனம் இருந்தால் நட்புக்குத் தொலைவு தடையில்லை என்று நானும் நம்புகிறேன். உங்கள் பெரிய வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து, உண்மையான எண்களைக் கூச்சமின்றிப் பகிரக்கூடிய மூன்று பேரை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காணொளியில் பேசுங்கள். அம்மா உறங்கிய பின் வீட்டிலிருந்தே பேசலாம். ஆண்டுக்கு ஒரு முறை நேரில் கூடினால் போதும். வேலைக்கு ஆள் தேடுவதற்கு டர்பனிலேயே ஸ்மார்ட்எக்ஸ்சேஞ்ச் போன்ற வளர்ப்பகங்களில் விசாரிக்கலாம். இப்போதைக்கு அது அவசரமில்லை.

மாலைக் கூட்டங்களைப் பற்றிய கவலையையும் விட்டுவிடுங்கள். மாலையில் குளிர்பானக் கோப்பையுடன் பேசுவது நிறுவனர்களின் வழக்கம். லாரித் தொழில் விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. காலை ஐந்தரை முதல் எட்டு வரை அம்மாவுடன் இருக்க யாரையாவது வாரம் இரு நாள் ஏற்பாடு செய்ய முடிந்தால், உங்களுக்கு வேண்டிய நேர்ச் சந்திப்புகளில் பெரும்பகுதி அந்த இரண்டு காலைகளில் அடங்கிவிடும். கூட்டங்களில் பழகுவது தோழிக்குப் பிடித்திருந்தால் ஆண்டுக்கு இரண்டை அவரே தேர்ந்தெடுத்துச் செல்லட்டும். இருவரும் ஒரே வேலையைச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் இருவருக்குமான வாதத்தைத் தீர்க்க, மூன்று மாதங்களுக்கு ஒரு நோட்டில் ஒவ்வொரு புதிய வாடிக்கையாளர் பெயருக்கு எதிரேயும் இரண்டு விவரங்கள் எழுதுங்கள்: அவர் உங்களைப் பற்றி முதலில் எங்கே கேள்விப்பட்டார், எந்தச் சந்திப்புக்குப் பிறகு சரி என்றார். இந்த இரண்டு பத்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து அடுத்த மூன்று மாதத்தின் நேரத்தைப் பங்கிடுங்கள்.

வரும் வாரத்தின் முதல் காலையைச் சித்தப்பாவின் நண்பர்களில் மிக அதிகமாகக் குறை சொல்பவரின் லாரி நிறுத்துமிடத்தில் தொடங்குங்கள். கன்ட்ரோலரின் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மடிக்கணினியைக் காரிலேயே வைத்துவிட்டு, அவருடைய நோட்டுப் புத்தகத்தில் அவர் எதை எழுதுகிறார் என்று மட்டும் பாருங்கள்.